எம்.பி.ஏ.வுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா, காத்திருக்கலாமா? அந்தமான் தமிழ் மாணவர்களுக்கு ஒரு கணக்கு

"டிகிரி முடிச்ச கையோட எம்.பி.ஏ. படிச்சிடு, கேப் விழுந்தா அப்புறம் புத்தகத்தைத் தொட மனசு வராது" என்பார் ஒருவர். "முதல்ல ரெண்டு வருஷம் வேலை பாரு, அப்பதான் அந்தப் படிப்புக்கே மதிப்பு" என்பார் இன்னொருவர். கல்லூரி இறுதி ஆண்டில் இருக்கும் எல்லோருமே இந்த இரண்டு அறிவுரையையும் கேட்டிருப்பார்கள். இரண்டுமே சிலருக்குச் சரி, சிலருக்குத் தவறு.

அந்தமான் நிகோபார் தீவுகளில் இருந்து இந்தக் கேள்வியைக் கேட்பவருக்குக் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் சுமார் 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 செப்டம்பரில் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலிருந்து சென்னைக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். விமானத்தில் இரண்டே கால் மணி நேரம், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். பெரிய நிர்வாகவியல் கல்லூரி எதில் சேர்ந்தாலும் கடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

இப்போதா, பிறகா என்ற கேள்விக்கு எப்படி விடை தேடுவது? தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

சுருக்கமான பதில் என்ன?

இரண்டு கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, காத்திருந்தால் என் கையில் புதிதாக என்ன சேரும்? இரண்டு, காத்திருந்தால் எனக்கு எந்தக் கதவு மூடும்?

முதல் கேள்விக்கு "நல்ல வேலை அனுபவம், கொஞ்சம் சேமிப்பு, எந்தத் துறை என்ற தெளிவு" என்று பதில் வந்தால் காத்திருப்பதில் லாபம் உண்டு. "தெரியல, பார்க்கலாம்" என்றுதான் பதில் வருகிறது என்றால் அந்தக் காத்திருப்பில் வயது மட்டுமே கூடும். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. தீவில் வளர்ந்தவர்களுக்கு அதுதான் முக்கியம். அதற்குப் பிறகு வருவோம்.

தேர்வு எழுதினால் சேர்ந்தே ஆக வேண்டுமா?

இல்லை. தேர்வு எழுதுவது ஒரு முடிவு, கல்லூரியில் சேர்வது வேறொரு முடிவு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

ஐ.ஐ.எம்.களில் சேர கேட் தேர்வு எழுத வேண்டும். வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் பதிவு ஆரம்பித்து செப்டம்பரில் முடியும். தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு அன்று நடக்கும். 2025-ல் ஐ.ஐ.எம். கோழிக்கோடு நவம்பர் 30 அன்று நடத்தியது. கட்டணம் பொதுப் பிரிவுக்கு 2,600 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300 ரூபாய். பட்டப்படிப்பில் 50 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதம்) வேண்டும். இறுதி ஆண்டு மாணவர்களும் எழுதலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேட் மதிப்பெண் அடுத்து வரும் ஒரே ஒரு சேர்க்கைக்குத்தான் செல்லும். இந்த ஆண்டு நன்றாக எழுதிவிட்டு இரண்டு ஆண்டு கழித்துச் சேரலாம் என்றால் முடியாது, மறுபடி எழுத வேண்டும். ஜிமேட், ஜி.ஆர்.இ. மதிப்பெண்களோ ஐந்து ஆண்டுகள் செல்லும். ஜிமேட்டை வீட்டிலிருந்தே எழுதவும் வசதி உண்டு.

ஆக, வேலைக்குப் போய்விட்டு ஐ.எஸ்.பி. போன்ற இடத்திலோ, ஐ.ஐ.எம்.களின் ஓராண்டுப் படிப்பிலோ, வெளிநாட்டிலோ சேரும் எண்ணம் உள்ளவர், படித்த சூடு ஆறும் முன்பே ஜிமேட் எழுதி வைக்கலாம். கேட்டில் அப்படி எழுதி வைக்க வழியில்லை.

போட்டி எவ்வளவு கடுமை?

2024 கேட் தேர்வை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். 2025-ல் சுமார் 2.58 லட்சம் பேர்.

பெர்சன்டைல் என்பது நீங்கள் எடுத்த மதிப்பெண்ணின் சதவீதம் கிடையாது. எத்தனை சதவீதம் பேரை நீங்கள் தாண்டினீர்கள் என்பதன் அளவு அது. 2025 எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், 90 பெர்சன்டைல் எடுத்தவருக்கு மேலே சுமார் 25,800 பேர் இருக்கிறார்கள். 99 எடுத்தவருக்கு மேலே சுமார் 2,580 பேர். கேட்கும்போது 90-க்கும் 99-க்கும் ஒன்பது புள்ளி வித்தியாசம்தான். வரிசையில் அது 23,000 பேருக்கு மேல்.

பயிற்சிக்கு இப்போது கடல் தாண்ட வேண்டிய கட்டாயம் இல்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் போடப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஆப்டிகல் ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஹேவ்லாக், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் ஆகிய இடங்களையும் அது இணைக்கிறது. ஆன்லைன் மாதிரித் தேர்வுகளை வீட்டிலிருந்தே எழுதிப் பார்க்கலாம். நான்கைந்து மாதிரித் தேர்வில் வரும் பெர்சன்டைலே உங்களுக்கு முதல் தகவல். எதிர்பார்க்கும் கல்லூரியின் அளவுக்கு அருகில் கூட வரவில்லை என்றால், காத்திருந்து தயாராவதற்கு அது ஒரு நேர்மையான காரணம்.

வேலை அனுபவம் எவ்வளவு இருந்தால் போதும்?

"எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்ற நம்பிக்கை இருக்கிறது. இரண்டாண்டு முழுநேரப் படிப்புக்கு அது சரியில்லை.

ஐ.ஐ.எம். பெங்களூர் வெளியிட்டு வந்துள்ள சேர்க்கை விதிகளைப் பாருங்கள். வேலை அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. 36 மாதம் வரை அது ஏறிக்கொண்டே போகும். அதற்குப் பிறகு நான்கு ஆண்டு வேலை பார்த்தாலும், ஆறு ஆண்டு பார்த்தாலும் ஏறாது. அதே விதியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் பங்கு உண்டு. எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் மாறப்போவதில்லை. ஒவ்வொரு ஐ.ஐ.எம்.முக்கும் விதி வேறு, ஆண்டுதோறும் மாறவும் செய்யும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்தக் கல்லூரியின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

மறுபக்கம், அனுபவம் இல்லாவிட்டால் கதவே திறக்காத படிப்புகளும் உண்டு. ஐ.எஸ்.பி.யின் ஓராண்டு பி.ஜி.பி. படிப்புக்குக் குறைந்தது 24 மாதம் வேண்டும். ஐ.ஐ.எம். அகமதாபாத்தின் ஓராண்டு பி.ஜி.பி.எக்ஸ். படிப்புக்கு 4 ஆண்டு வேண்டும்.

ஆகவே இரண்டு முதல் மூன்று ஆண்டு வேலை என்பது நியாயமான இடைவெளி. அதற்கு மேல் காத்திருப்பவர் ஓராண்டுப் படிப்புகளின் பக்கம் பார்வையைத் திருப்புவது நல்லது.

எந்த வேலை என்பதும் முக்கியம். பெரிய நிறுவனமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டின் புக்கிங்கைக் கவனித்தவர், கப்பல் சரக்கு கையாளும் இடத்தில் கணக்கு பார்த்தவர், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்தவர் என எவரும் நேர்காணலில் பேச விஷயம் வைத்திருப்பார்கள். சீசன் இல்லாத மாதங்களில் அறைகளை எப்படி நிரப்பினீர்கள், கப்பல் வராத வாரத்தில் சரக்கு இருப்பை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதெல்லாம் நிர்வாகப் பாடம்தான். ஆனால் வேலை முழுநேரமாக இருக்க வேண்டும். அதற்கு நியமனக் கடிதம், சம்பளச் சான்று வேண்டும். சொந்தக்காரர் கடையில் கையில் காசு வாங்கிக்கொண்டு பார்த்த வேலையை விண்ணப்பத்தில் நிரூபிப்பது கஷ்டம்.

எந்தக் கதவு முதலில் மூடும்?

இதுதான் அந்த இரண்டாவது கேள்வி. தீவுகளில் பெரிய வேலை கொடுப்பவர் அரசுதான். பெரும்பாலான வீடுகளில் எம்.பி.ஏ. பேச்சோடு கூடவே "கவர்மென்ட் எக்ஸாமும் எழுது" என்ற பேச்சும் நடக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.எச்.எஸ்.எல். தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு 27 வயது வரைதான். வங்கி பி.ஓ. தேர்வுக்கு 30. குடிமைப் பணித் தேர்வுக்கு 32. ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. அந்தமான் நிர்வாகம் அறிவிக்கும் பணியிடங்களுக்கும் அந்தந்த அறிவிப்பில் வயது வரம்பு இருக்கும்.

அதாவது, அரசு வேலையின் கதவு வயதோடு மூடும். எம்.பி.ஏ.வின் கதவு அப்படி மூடாது. 22 வயதில் இரண்டுமே பிடித்திருக்கிறது என்றால், முதலில் அரசுத் தேர்வுகளுக்கு இரண்டு ஆண்டு என்று எல்லை வைத்து முயல்வதில் தர்க்கம் இருக்கிறது. எல்லை வைக்காமல் 28 வரை எழுதிக்கொண்டே இருந்தால் சிக்கல். அப்போது வேலை அனுபவமும் இருக்காது, ரெஸ்யூமில் ஆறு ஆண்டு வெற்றிடமும் இருக்கும். நேர்காணலில் அந்த வெற்றிடத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும்.

பெண்களுக்கு இன்னொரு கடிகாரத்தையும் வீடு ஓடவிடும். "கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிடு" என்ற நெருக்கடியில் தயாராகும் முன்பே, கிடைத்த கல்லூரியில் சேர்வது நடக்கிறது. பல ஐ.ஐ.எம்.கள் பெண்களின் எண்ணிக்கையைக் கூட்டத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் தருகின்றன. ஓராண்டு கூடுதலாகத் தயாரானால் என்ன கல்லூரி கிடைக்கும் என்பதை எண்ணோடு வீட்டில் காட்டிப் பேசுங்கள். வெறும் விருப்பமாகச் சொல்வதைவிட அது எடுபடும்.

பணத்துக்கு என்ன வழி?

பெரிய ஐ.ஐ.எம்.களின் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்.எம்.எஸ். போன்ற அரசுக் கல்லூரிகளில் சில லட்சத்தில் முடியும்.

ஒரு எளிய கணக்கு: 10 சதவீத வட்டியில், 10 ஆண்டுத் தவணையில், ஒவ்வொரு லட்சம் கடனுக்கும் மாதம் சுமார் 1,322 ரூபாய் கட்ட வேண்டும். 5 லட்சத்துக்கு 6,608 ரூபாய். 20 லட்சத்துக்கு 26,430 ரூபாய். படிக்கும் காலத்தில் சேரும் வட்டியையும் கூட்டினால் தவணை இதைவிடக் கூடும்.

இப்போது உங்களுக்கு மாதம் 25,000 ரூபாய் வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு படிக்கப் போனால் 6 லட்சம் சம்பளம் போகும். கட்டணம், தங்கும் செலவு, போய்வரும் விமானக் கட்டணம், போன சம்பளம் எல்லாம் சேர்ந்ததுதான் படிப்பின் உண்மை விலை.

கல்லூரி சொல்லும் "அதிகபட்ச சம்பளம்" உங்கள் கணக்குக்கு உதவாது. மீடியன் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். மாணவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது அது. பாதிப் பேர் அதைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள். எத்தனை பேர் வேலை தேடினார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதையும் கேளுங்கள். இந்த எண்களைத் தர மறுக்கும் கல்லூரிக்கு 10 லட்சம் கட்டுவதற்குப் பதில் ஓராண்டு காத்திருப்பது மேல்.

கடனுக்கு, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள தரமான கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுக்கு அடமானமும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியலில் இல்லாத கல்லூரி என்றால், 7.5 லட்சத்துக்கு மேல் வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும். தீவில் உங்கள் குடும்பம் வைத்திருக்கும் நில ஆவணத்தை அதற்கு ஏற்பார்களா என்பதை, இடம் கிடைத்த பிறகு கேட்காமல் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

தீவை விட்டுப் போகாமல் படிக்க முடியாதா?

முடியும். இக்னோவின் மண்டல மையம் போர்ட் பிளேயரில் இருக்கிறது. அதன் எம்.பி.ஏ.வுக்கு இப்போது நுழைவுத் தேர்வு இல்லை. குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு ஆண்டில் முடிக்கலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. நடத்துகிறது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

அரசு வேலையிலோ குடும்பத் தொழிலிலோ இருந்துகொண்டு தகுதியைக் கூட்ட நினைப்பவருக்கு இது செலவு குறைந்த, சம்பளத்தை இழக்காத வழி. கேம்பஸ் இன்டர்வியூ மூலம் புதிய வேலைக்குத் தாவ நினைப்பவருக்கு இது போதாது. அதற்கு முழுநேரக் கல்லூரிதான் வேண்டும்.

என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும்?

ஐ.ஐ.எம்.களில் மாநில வாரியான இடஒதுக்கீடு இல்லை. அதனால் தீவுவாசி என்பதற்கான அடையாள அட்டை அங்கே உதவாது. எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி. 27, இ.டபிள்யூ.எஸ். 10, மாற்றுத்திறனாளிகள் 5 சதவீதம் என்பதே ஒதுக்கீடு. ஓ.பி.சி., இ.டபிள்யூ.எஸ். சான்றிதழ்கள் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே இருக்கும். பழைய சான்றிதழை நம்பி இருக்காதீர்கள்.

அந்தமானுக்கென்று அறிவிக்கப்பட்ட எஸ்.சி. பட்டியலே கிடையாது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாக இருந்து தீவுக்கு வந்த குடும்பத்தின் பிள்ளைகளுக்கு, தந்தையின் பூர்வீக மாநிலத்தில் அவருக்குக் கொடுத்த சான்றிதழ்தான் ஆதாரம். அதை அடிப்படையாக வைத்துத்தான் இங்கே சான்றிதழ் தருவார்கள். அப்பாவின் சான்றிதழ் ஊரில் எங்கோ இருக்கிறது என்றால் அதைத் தேடி எடுக்கவே சில மாதம் ஆகலாம். ஆகஸ்ட் மாதம் கேட் பதிவு திறக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

ஜே.என்.ஆர்.எம். போன்ற கல்லூரிகளில் இறுதி ஆண்டு படிப்பவர்கள், பட்டத்துக்கான எல்லாத் தேர்வுகளையும் முடித்துவிட்டதாகச் சேர்க்கையின்போது சான்று காட்ட வேண்டியிருக்கும். அது எப்போது கிடைக்கும் என்று கல்லூரி அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள்.

பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

விண்ணப்பத்தில் தேர்வு நகரங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்து, வீட்டுக்குப் பக்கமான நகரத்தை முதலில் வையுங்கள். சென்னையோ கொல்கத்தாவோ போக வேண்டியிருந்தால், நவம்பர் கடைசி என்பது வங்கக் கடலில் புயல் காலம் என்பதை மறக்க வேண்டாம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. விமானம் என்றால் மூன்று நாள் முன்பாக, கப்பல் என்றால் பத்து நாள் முன்பாகக் கிளம்புவது பாதுகாப்பு.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நேர்காணல்கள் நடக்கும். புதிய ஐ.ஐ.எம்.களில் பல சேர்ந்து ஒரே பொது நேர்காணல் வைக்கின்றன. ஒரே பயணத்தில் பல கல்லூரிகளுக்கு நேர்காணல் முடிந்துவிடும் என்பதால் தீவு மாணவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

தீவிலேயே புதிய வேலைகள் வருமே, அதற்காகக் காத்திருக்கலாமா?

கிரேட் நிகோபாரின் கலாத்தியா விரிகுடாவில் திட்டமிடப்படும் சரக்குப் பெட்டகத் துறைமுகத்தைப் பற்றி இப்படிப் பேசப்படுகிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. முதல் கட்டத்துக்கு 2028 என்று இலக்கு சொல்லப்பட்டது. காடு, ஆமைகள், ஷோம்பென், நிகோபாரி மக்களின் உரிமை ஆகியவை பற்றிய எதிர்ப்புகளும் தொடர்கின்றன. பெரிய திட்டங்களின் தேதி தள்ளிப்போகும். அதை மட்டும் நம்பி உங்கள் இரண்டு ஆண்டைத் தீர்மானிக்க வேண்டாம். சரக்கு, துறைமுக நிர்வாகம் படித்தால் தூத்துக்குடியிலும் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கூட வேலை உண்டு.

சரி, அப்போ நான் என்ன செய்யலாம்?

மாதிரித் தேர்வில் நல்ல பெர்சன்டைல் வருகிறது, எந்தத் துறை என்று தெரியும், கட்டணம் குறைந்த அல்லது மீடியன் சம்பளம் உறுதியான கல்லூரி கைக்கு எட்டும் என்றால்: இப்போதே விண்ணப்பியுங்கள்.

மதிப்பெண் சுமார், கையில் ஒரு முழுநேர வேலை கிடைத்திருக்கிறது என்றால்: வேலையில் சேருங்கள், 36 மாதத்தை எல்லையாக வையுங்கள், இடையில் ஒவ்வொரு நவம்பரிலும் கேட் எழுதிப் பாருங்கள்.

அரசு வேலைதான் முதல் விருப்பம் என்றால்: வயது வரம்பிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒரு கடைசி ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை கிடைத்த பிறகு இக்னோவில் சேரலாம். கிடைக்காவிட்டால், குறித்த ஆண்டில் தனியார் வேலைக்குத் திரும்புங்கள்.

வேலையும் இல்லை, தேர்வுக்கும் தயாராகவில்லை, "எதையாவது படிக்கணுமே" என்பதற்காக 10 லட்சம் கடனில் ஏதோ ஒரு கல்லூரி என்றால்: வேண்டாம். அந்தத் தவணை மாதம் 13,215 ரூபாய், பத்து ஆண்டு. அதைக் கட்டப்போவது உங்களோடு சேர்ந்து உங்கள் வீடும்தான்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு தாளில் மூன்று தேதிகளை எழுதி வையுங்கள்: அடுத்த கேட் பதிவு தொடங்கும் ஆகஸ்ட், உங்கள் வேலை அனுபவம் 36 மாதத்தைத் தொடும் மாதம், நீங்கள் எழுதும் அரசுத் தேர்வின் வயது வரம்பு முடியும் நாள். இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ, அதற்கான வேலையை முதலில் தொடங்குங்கள்.